டேப் சாரும் நாலு அங்குலமும்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை டேப் சார் முதல் வேலையாகத் தன் வீட்டையே அளந்தார். முப்பத்து நாலு வருஷம் ஊரார் வீடுகளை அளந்த கை, சும்மா இருக்குமா? நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. மாடிப்படி அரை அங்குலம் கூடுதலாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால், "படியில தடுக்கி விழப்போறது மேலிடம் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார். இதற்காக அவருக்குக் கிடைத்தவை ஆறு முறை நாற்காலி மாற்றமும் இந்தப் பட்டப்பெயரும். மற்றவர்கள் சாவிக்கொத்து மாட்டுகிற இடுப்பு பெல்ட்டில் அவர் இரும்பு டேப்பை மாட்டியிருப்பார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். தெருவுக்கு அவர் எக்ஸ்சேஞ்ச் அம்மா. இளவயதில் டேப் சார் ஓர் இணைப்பு கிடைக்கவில்லை என்று கத்தப்போய், மறுமுனையில் இருந்த குரல், "சார், நீங்க கத்துறது ஒயர் இல்லாமலே கேக்குது. கொஞ்சம் லைன்ல இருங்க" என்றது. அன்றிலிருந்து அவர் லைனில்தான் இருக்கிறார். நாள் நேரம் எதுவும் பார்க்காமல், பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். "என்னை நீ வா போன்னே கூப்பிடு, நாம ரெண்டு பேரும் சமம்" என்றார் சார். அம்மா ஒரு வாரம் முயற்சி பண்ணிவிட்டு, "உங்க அம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்று பழையபடி 'சார்' என்பதற்கே திரும்பிவிட்டார். கோபம் வந்தால் மட்டும் 'டேப் சார்'.

இருவரும் ஓய்வு பெற்றபின் வீடு படாதபாடு பட்டது. கிறீச்சிட்ட கதவுகள் வாயடைத்தன. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி முளைத்தது. புத்தக அலமாரி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை நிமிர்த்தினார். அப்போதுதான் சாய்ந்திருந்தது தரை என்று தெரிந்தது. வாசல் மணிக்குப் பதிலாக எங்கிருந்தோ ஒரு பழைய தொலைபேசி மணியை வாங்கி மாட்டினார். மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டு எழுந்து, "நம்பர் சொல்லுங்க" என்றார். மணி அன்றே கழற்றப்பட்டது.

கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட்டில் கொஞ்சம் மிஞ்சியது. சமையலறையில், மேடைக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கனமான மரப்பலகை கிடந்தது. சிலிண்டரை வைப்பதற்கான பலகை என்று நினைத்து அதற்கும் இரண்டு கை அடித்து வைத்தார். ஒரே மாதத்தில் பலகையின் நடுவே இரண்டு இடங்களில் பெயிண்ட் போய்விட்டது. சாருக்கு வந்ததே கோபம், நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனார்.

"நிழல்ல சும்மா கிடக்குற பலகையில எப்படிங்க பெயிண்ட் தேயும்?" என்றார் கடைக்காரர்.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

வீட்டுக்கு வந்து இந்தச் சண்டையை அவர் விவரமாகச் சொன்னபோது அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எதற்குச் சிரிப்பு என்று சார் கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

வியாழக்கிழமை மாலைகளில் சீட்டாட்டம். பக்கத்துத் தெருவிலிருந்து வங்கியில் காசாளராக இருந்தவரும் அவர் மனைவி நர்ஸ் அக்காவும் வருவார்கள். அம்மா சீட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டியைத் தேய்ப்பதை நர்ஸ் அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னும் வலிக்குதா? அடிக்கடி ஏறி இறங்குறதைக் குறைக்கச் சொன்னேன்ல."

"எங்க வீட்ல மாடியே கிடையாதே, இவ எங்க ஏறி இறங்குறா?" என்றார் சார்.

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசாளர் அந்தச் சாக்கில் ஒரு ஜோக்கரை எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் சமையல் மேடையின் கல் விரிசல் விட்டது. கொத்தனார் வந்து பார்த்து, பழைய மேடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கல் பதிப்பதாகவும் திங்கட்கிழமை வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

"மேடையை நாலு அங்குலம் இறக்கிக் கட்டச் சொல்லுங்க. இப்பப் போட்டா இனி நம்ம காலத்துக்கும் அதேதான்."

டேப் சார் உடனே பெல்ட்டிலிருந்து டேப்பை உருவினார். மேடை, தரையிலிருந்து முப்பத்து நாலு அங்குலம். அம்மா மேடைமுன் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டேப்பின் நுனியை மேடைக் கல்லில் ஊன்றி, மேலே அம்மாவின் முழங்கை வரைக்கும் இழுத்தார். நாலு அங்குலம்.

"இங்க பாரு, முழங்கைக்குக் கீழ நாலு. புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கும் கீழ இறக்கினா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்."

அந்தக் கட்டட அளவுப் புத்தகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்கள் நின்று வேலை செய்யும் உயரத்தை ஆண்கள் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இந்த வீட்டைக் கட்டியபோதும் சார் அதைப் பார்த்துத்தான் வரைந்தார். அம்மாவிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அளந்தது சரிதான், டேப் சார். எங்க நின்னு அளந்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

"எங்க நின்னு? இங்க, சமையல்கட்டுலதான்."

"சரி. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"என்னன்னு வாயைத் திறந்து சொல்லேன்."

"சொல்லி இறக்கினா அது தயவு. உரிமையைத் தயவா வாங்கக் கூடாதுன்னு ஊழியர் சங்கத்துல தொண்டை கிழியப் பேசினது யாரு? முப்பத்தோரு வருஷமா உங்க கண்ணு முன்னாடி இருக்கு. நீங்களா பார்த்தா இறக்குங்க. இல்லைன்னா இருக்கிறபடி இருக்கட்டும்."

வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் குரலில் வேடிக்கை இல்லை. சாருக்கு அது உறைத்தது; ஆனால் விஷயம் பிடிபடவில்லை. வெள்ளியும் சனியும் மேடையை ஏழெட்டு முறை அளந்தார். டேப் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதே சரி என்றது. கருவி பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. கருவியிடம் கேட்காததை அது சொல்லாது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் பிடித்து ஏரிக்கரையில் புதிதாகத் திறந்த பொது நூலகத்தைப் பார்க்கப் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழவழப்பான தரை, ஏரியைப் பார்த்தபடி நாற்காலிகள். டேப் சார் படிகளை அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார், திருப்தி. உள்ளே, உறுப்பினர் சேர்க்கை மேடைக்கு முன்னால்தான் அவர் திருப்தி போனது.

குட்டையான ஒரு பெண், குதிகாலைத் தூக்கி, மோவாய் மேடை விளிம்பில் இடிக்க, காகிதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பால் நின்ற நூலகர், "கோட்டுக்கு மேல போடுங்கம்மா, கோட்டுக்கு மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோடு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே மேல போடுவாங்க?" என்று சார் ஆரம்பித்தார். "யாரைக் கேட்டு இந்த உயரத்தை முடிவு பண்ணீங்க? படிக்க வர்றவங்க எல்லாம் ஆறடியா? வாசல்ல 'அனைவருக்கும்'னு எழுதிட்டு உள்ளே பாதிப் பேருக்கு எட்டாத உயரத்துல மேடை. கதவைத் திறந்து வச்சுக்கிட்டே வெளியே தள்ளுறதுன்னு இதுக்குப் பேரு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அக்கா அம்மாவின் காதில், "உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் பேசுறார்" என்றார்.

"வெளி விஷயம்னா பிரமாதமா பேசுவார்" என்றார் அம்மா.

நூலகர் பொறுமைசாலி. "சார், கோபப்படாதீங்க. இங்க நின்னு நானே அளந்து பார்த்தேன். என் உயரம் சாதாரண உயரந்தான். முழங்கைக்குச் சரியா இருக்கு."

"எங்க நின்னு அளந்தீங்க?"

கேட்ட மறுகணமே மேடைமேல் எக்கி உள்ளே பார்த்தார். நூலகர் நின்றிருந்த பக்கம் நீளத்துக்கு மரத்தட்டு போட்டு, தரையை ஒரு படி உயர்த்தியிருந்தார்கள். உயரத்தில் நின்று அளந்தவருக்கு மேடை சரி. தரையில் நின்றவருக்கு அது மதில்.

"உள்ளே பலகை போட்டு நின்னுக்கிட்டு..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்க நின்னு அளந்தீங்க. இந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்டிருக்கிறோமே. பச்சைப் பலகை. தேய்ந்த இரண்டு இடம். மாடியில்லாத வீட்டில் ஏறி இறங்குகிற முட்டி. அவர் மெதுவாகத் திரும்பினார். ஜன்னலோர நாற்காலியில் அம்மா ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், பாதியில நிறுத்திட்டீங்க? நல்லா கேட்டுக்கிட்டிருந்தீங்களே" என்றார் கையெழுத்துப் போட்ட பெண்.

பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். புகார்ப் புத்தகத்தை வாங்கி, அளவுகளோடு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். ஆனால் திரும்பும் பஸ்ஸில் டேப்பை ஒரு சாண் இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். காசாளர் இரண்டு முறை பேச்சுக்கொடுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா டீ போடச் சமையலறைக்குப் போனார். சார் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றார். இந்த இடத்தில் அவர் எத்தனையோ முறை நின்றிருக்கிறார், அரசியல் பேசியிருக்கிறார், உப்பு குறைவு என்று சொல்லியிருக்கிறார். தரையைப் பார்த்தபடி நின்றது அன்றுதான்.

அம்மாவின் வலது கால் மேடைக்கு அடியில் போனது. விரல்கள் பலகையின் விளிம்பைப் பற்றி இழுத்தன. டக் என்று ஒரு சத்தம். முப்பத்தோரு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம். சிலிண்டர் என்று நினைத்திருந்தார். அம்மா முட்டியில் கை ஊன்றி ஏறி நின்றார். அடுப்பைப் பற்ற வைத்தார். டீத்தூள் டப்பா வலதுபக்கம் இருந்தது. இறங்கினார், எடுத்தார், ஏறினார். பால், இறங்கினார், ஏறினார். பச்சைப் பெயிண்ட் போன இரண்டு இடங்களிலும் இரண்டு பாதங்கள் அச்சாகப் பொருந்தின.

சார் மண்டியிட்டுப் பலகையின் கனத்தை அளந்தார்.

"நாலு."

"முப்பத்தோரு வருஷமா நாலுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவே?"

"நான் எண்ணலை. முட்டி எண்ணியிருக்கும்."

அவர் எழுந்திருக்கவில்லை. "பெயிண்ட் கடைக்காரர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

"அதான் முதல்ல தோணிச்சா?"

"கடைசியா தோணினதைத்தான் முதல்ல சொல்ல முடியுது." டேப்பை மடக்கினார். "நான் அன்னிக்கே உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேக்கக்கூட வேண்டாம் சார். ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா போதும். எழுந்திரிங்க, டீ ஆறுது."

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். சார் அம்மாவைத் தரையில், வெறுங்காலோடு நிற்க வைத்து, தரையிலிருந்து தொடங்கி அளந்தார். முழங்கை முப்பத்து நாலு; நாலு கழித்தால் மேடை முப்பது.

"முப்பதா? யாருமே இவ்வளவு தாழ்வா போட மாட்டாங்களே சார்."

"யாருமே போடலைங்கிறதாலதான் நாம போடுறோம்."

"அப்புறம் உங்களுக்குக் குனிய வேண்டியிருக்குமே?"

கொத்தனார் நியாயமான மனிதர், கேள்வியும் நியாயம்தான். சார் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவரைக் குனிய வைக்கிறதும் அநியாயம்தான். ரெண்டு உயரமா கட்டுங்க. ஜன்னல் பக்கம் எனக்கு முப்பது. இந்தப் பக்கம் அவருக்கு முப்பத்தாறு."

"அடுப்பு எந்தப் பக்கம்மா வரும்?"

அம்மா அரை நிமிஷம் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். "அவர் பக்கம்."

கொத்தனார் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியில் மேடைக்கு அடியில் கிடந்த பச்சைப் பலகையைப் பார்த்தார்.

"அளவு சொன்னா சொன்னதுதான். குறிச்சுக்குங்க" என்றார்.

மேடை கட்டி முடிந்தபின் வந்த வியாழக்கிழமை சீட்டாட்டத்தில் நர்ஸ் அக்கா முட்டியை விசாரித்தார். பரவாயில்லை என்றார் அம்மா. காசாளர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம வீட்டு மேடை என்ன உயரம்?" என்று தன் மனைவியைக் கேட்டார்.

"அதை நீங்க பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார் நர்ஸ் அக்கா.

அவர்கள் போனபின் சார் தன் பக்கத்து மேடையில் பாலைக் காய்ச்ச வைத்தார். அம்மா பத்திரிகையும் கையுமாக வந்து ஜன்னல் பக்கம் பீன்ஸை எடுத்து வைத்தார். சார் இப்போதெல்லாம் தரையைப் பார்க்கக் கற்றிருந்தார், அதனால் தெரிந்தது. அம்மாவின் வலது கால் மேடைக்கு அடியில் போய், அங்குமிங்கும் துழாவி, விரல்களால் காற்றைப் பிடித்து இழுத்தது.

"என்ன தேடுற?"

அம்மா குனிந்து தன் காலையே பார்த்தார். முப்பத்தோரு வருஷம் பழகிய கால். அதை மெல்ல இழுத்து, இன்னொரு காலுக்குப் பக்கத்தில், தரையில் முழுசாகப் பதித்தார்.

"ஒண்ணுமில்லை. நீங்க அடுப்பைப் பாருங்க சார், பால் பொங்குது."