கேமராவில் விழுந்த வாழைக்கன்று

சேலம் சூரமங்கலத்தில், ஏசி போட்ட சின்ன அறை ஒன்றில் எனக்கு வேலை. மல்லூர் தாண்டித் தண்டவாளத்தின் இருபுறமும் எங்கள் கம்பெனி கேமராக்களை நட்டிருக்கிறது. ஓடும் கூட்ஸ் வண்டியின் சக்கரம், பிரேக், கதவு எல்லாவற்றையும் அவை படமெடுக்கும். ஏதாவது கழன்று தொங்கினால் கம்ப்யூட்டர் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். கட்டம் சரிதானா என்று பார்த்து, சரியென்றால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான். கம்பெனி பெயர் அச்சிட்ட நீலப் பட்டையில் அடையாள அட்டை எப்போதும் கழுத்தில் தொங்கும். கல்யாண வீடுகளுக்கும் அதோடுதான் போவேன். அவ்வளவு பெருமை.

அந்த ஆயுதபூஜை அன்று காலை மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் ஊர்க் கூட்ஸ் ஷெட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கோழித் தீவனத்துக்கு வரும் மக்காச்சோள மூட்டைகளை வேகனிலிருந்து லாரிக்கு ஏற்றும் லோடுமேன்களுக்கு அவர் மேஸ்திரி. எங்கள் பக்கம் அன்றைக்கு லாரி, போர் போடும் ரிக் வண்டி, தறி எதையும் சந்தனம் வைக்காமல் விடமாட்டார்கள். சோறு போடுவது வேகன்தானே என்று, காலியாகி நிற்கும் வேகன் ஒன்றுக்கும் இவர்கள் பூஜை போடுவார்கள். வண்டி கிளம்புமுன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவது வழக்கம்.

"ரயில் வேலைக்காரன் நீ. உங்கையாலயே கட்டு சாமி" என்று மாமா வாழைக்கன்றை நீட்டினார். கயிறு பற்றவில்லை. எல்லாரும் பார்க்க என் நீலப் பட்டையைக் கழற்றிக் கதவுக் கொண்டியோடு சேர்த்து முடிந்தேன். கிளம்பும் நேரம் ஒருவர் அவிழ்க்க வந்தார்.

"இருக்கட்டுங்க. சேலம் வரைக்கும் ஜம்முனு போவட்டும்" என்றேன். கேமரா ஞாபகமே வரவில்லை.

மதியம் பார்வையிட வந்த ரயில்வே ஆபீசர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது. சக்கரத்தருகே நீளமாக ஏதோ தொங்கியது. காற்றில் கன்று சரிந்து, இலையெல்லாம் கிழிந்து தண்டு மட்டும் மிஞ்சியதால் எனக்குப் பிரேக் கம்பியாகவே பட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஆபீசரிடம் பெயர் வாங்கும் அவசரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பின்னால் பண்டிகைக் கூட்டத்தோடு வந்த பாசஞ்சரும் வெயிலில் நின்றது.

கூட்ஸ் வண்டியின் கார்டு இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார். "கம்பியெல்லாம் இல்லீங்க. வாழைக்கன்னுங்க. கதவுல பொட்டெல்லாம் வெச்சிருக்குதுங்க."

அறையே சிரித்தது. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஷெட் லோடுமேன் ஒருத்தனையும் நாளையிலருந்து உள்ள விடக்கூடாது. மேஸ்திரி யாருன்னு கேளுங்க" என்றார்.

நான்தான் சார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமென்ற பயம் என்றால் பொய். வாழைக்கன்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். அதற்காக மாமாவையும் அவர் ஆட்களின் பிழைப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசர் குனிந்து அவரே படத்தைப் பெரிதாக்கினார். நல்ல கேமரா. கொண்டியில் நீலப் பட்டை, அதில் எங்கள் கம்பெனி பெயர், எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. படத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார்.

"நான்தான் சார் கட்டினேன்" என்றேன்.

திட்டு எனக்கு மட்டும் விழுந்தது. லோடுமேன்கள் தப்பித்தார்கள்.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால், வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பூஜைப் பொரியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

"எங்களைத் தேடறாங்கன்னதும் நாந்தான்னு ஒத்துக்கிட்டயாமா. உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்ன சாமி பண்ணுவ? எம்பேரைச் சொல்லியிருக்கலாமில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. அத்தையிடம் திரும்பி, "நம்ம ஊட்டுப் பையன்" என்றார்.

இல்லை மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றும் விசேஷ வீட்டுப் பந்தியில் அவர் அந்தக் கதையை எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விடுகிறேன். அடக்கமான பையன் என்று அதற்கும் சேர்த்துப் புகழ்கிறார்.