பொட்டு வைத்தவளும் முக்காடு போட்டவளும்

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக நாடுகளுக்குப் புள்ளி போடுவதுதான் வேலை. ஒஸ்லோவில் எங்கள் ஹொல்ம்லியா வீட்டுச் சோபாவில் கூட்டாளிகளோடு சாய்ந்துகொண்டு, "அமெரிக்காக்காரன் பிடிச்சு உள்ளை போடுவான். லண்டன்காரன் மறிச்சுச் சோதிப்பான். எங்கடை நோர்வேக்காரன் தங்கம், மரியாதையாய்க் கதைப்பான்" என்பார். பயங்கரவாதத்தை எந்த நாடு எப்படி ஒழிக்கிறது என்ற அந்த ஆராய்ச்சி தட்டில் வடை இருக்கும்வரை நடக்கும்.

லண்டன் ரயில்களில் குண்டு வெடித்திருந்த காலம் அது. எங்கள் கீழ்மாடியில் மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் பெண் ஒருத்தி இருந்தாள். லண்டனில் அவளுடைய தங்கைக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன் ஒருதரமாவது முகம் பார்க்கவேண்டும் என்று துடித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. நானும் கூடப் போனேன்.

புறப்படும்போது இவர் குங்குமத்தோடு வந்து நின்றார்.

"பெரிய பொட்டாய் வையும். நாங்கள் அவையள் இல்லை எண்டு தெரியவேணும்."

அட, வெட்கம் கெட்ட மனுஷா! தமிழர் என்றாலே புலி என்று பிடித்த காலத்தில், கொழும்பில் சோதனைச்சாவடியைக் கண்டதும் "பொட்டை அழியும், அழியும்" என்று என் நெற்றியைத் தோல் உரியத் தேய்த்ததும் இதே கைதானே. "உங்கடை நெத்தியிலை வையுங்கோ" என்றுவிட்டு வழக்கமான சின்னப் பொட்டோடு போனேன்.

அந்தச் சின்னதே லண்டன் அதிகாரிக்குப் போதுமாயிருந்தது. சிரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தான். அவளிடமும் அதே நோர்வே பாஸ்போர்ட்தான். முக்காட்டைப் பார்த்தான், தனியறைக்குக் கூட்டிப்போனான். தமிழ்தான் அவள் மொழி, நான் சொல்கிறேன் என்று கத்தினேன். கேட்டால்தானே! மகா புத்திசாலிகள், அரபு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் வந்து, இவளோடு முழித்து, இது அரபு இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும்வரை அவளை விடவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது தங்கையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பிள்ளை பிறகு கண் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒஸ்லோவில் இறங்கினோம். அங்கேயும் ஒரு பொலிஸ்காரர் அவளை மட்டும் கூப்பிட்டார். சும்மா ஒரு பேச்சுத்தானாம். உட்காரக் கதிரை தந்தார், கோப்பி தந்தார், என்னையும் பக்கத்தில் இருக்கவிட்டார். எனக்குப் பற்றி எரிந்தது.

"லண்டனுக்கு யாரைப் பார்க்கப் போனீர்கள்?" என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"தங்கச்சியை."

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

பேனாவோடு புன்னகைத்தபடி காத்திருந்தார். அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

"அக்கா, இவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"