எண்பத்து நான்காம் தாள்

சான் நதியின் மூடுபனி நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி வரைக்கும் ஏறி வருகிற மாதம் அது. எல்விரா ஜன்னலோரம் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. வருகிற ஒவ்வொரு தாளுக்கும் மேல்மூலையில் எண் போட வேண்டும். இடது ஓரத்தில் துளையிட்டு, கோணூசியில் வெள்ளை நூல் கோத்துத் தைத்து, பின்பக்கத்து முடிச்சின்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி முத்திரை குத்த வேண்டும். கை தன்பாட்டில் ஓடும், மனசு எங்கேயோ மிதக்கும். விவாகரத்துக் கட்டைத் தைத்தால் அந்த வீட்டுச் சமையலறை கண்ணில் வரும். வேலித் தகராறு என்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஆப்பிள் மரம். ஒருநாள் மிதந்த மிதப்பில் தன் சட்டைக்கையையும் கட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். "பானி எல்விராவையும் அப்பீலுக்கு அனுப்பிடலாமா?" என்று அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள். பானி என்பது அந்த ஊரில் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல், நம்ம 'அம்மா' மாதிரி.

அந்த வியாழக்கிழமை நீதிபதி கலினா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஓய்வு நேரம் கேட்டதற்காக வேலை போன ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வழக்கு. தாளில் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. எங்கள் அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்று சொல்லி, நீங்கள் வேறொன்று சொன்னால், என்னைப் போன்ற சிற்றூர் நீதிபதி யார் பேச்சைக் கேட்பது?

"இதைத் தைச்சீங்கன்னா உங்களுக்கும் வம்பு வரலாம், பானி எல்விரா. முன்னாடியே சொல்லிடறேன்."

"தாள் வந்தா தைக்கணும்மா. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?"

எண்பத்து நான்கு என்று எண் போட்டாள். தைக்கும்போது லக்சம்பர்க் கண்ணில் வரவில்லை. அவள் பார்த்ததே இல்லை. நூல் மட்டும் ஜன்னலைத் தாண்டி, நதியைத் தாண்டி, பனிக்குள் வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது.

ராத்திரி சாப்பாட்டில் புளித்த மாவு சூப்பை ஊற்றிக்கொண்டே கணவன் குஸ்தாவிடம் சொன்னாள். அவன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன்.

"ஒரே தண்டவாளத்துக்கு ரெண்டு ஸ்டேஷன் மாஸ்டர்" என்றான். "ஒருத்தன் பச்சை காட்டுறான், ஒருத்தன் சிவப்பு காட்டுறான். நடுவுல நீ எதுக்குடி ஊசியோட நிக்கிறே?"

"கொடி யாரு வேணா காட்டட்டும். பெட்டியக் கழட்டச் சொன்னா என்ன பண்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

"சொல்லுவாங்க" என்றான் அவன். "சூப்பு ஆறுது, குடி."

சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதிபதி ஸெனோன் தானே மாடியேறி வந்தார். நல்ல மனிதர்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தேன் அனுப்பியவர்.

"ஆம்புலன்ஸ் கட்டு இங்கதானே இருக்கு?"

"இருக்குங்க ஐயா. திங்கக்கிழமை தபாலுக்கு."

"எண்பத்து நாலாம் தாளை எடுத்துடுங்க. கலினா அம்மா அவசரப்பட்டுட்டாங்க. நம்ம நாட்டு நீதிமன்றம் தீர்த்துச் சொன்னதுக்கப்புறம் வெளியில போய்க் கேக்குறது நல்லாவா இருக்கு?"

"சரிங்க ஐயா."

எல்விரா இழுப்பறையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கூடவே ஒரு நீலத் தாளையும் எடுத்து அவர்முன் வைத்தாள்.

"இது என்ன?"

"மாற்றுத் தாளுங்க. கட்டுலேர்ந்து ஒண்ணை உருவினா அந்த இடத்துல இதை வச்சுத் தைக்கணும். எந்தத் தாள், எதுக்காக, யாரு சொல்லி எடுத்தோம்னு எழுதிக் கையெழுத்து. ஐயா போட்டதும் நூலை வெட்டிடறேன்."

"நீங்களே போட்டுடுங்களேன்."

"நான் தைக்கிறவதானுங்களே. எடுக்கச் சொல்ற அதிகாரம் எனக்கு ஏதுங்க?"

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். வெளியே பனி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பதுபோல் நின்றது. எல்விரா கத்தரிக்கோலை விரித்து முடிச்சின் அருகே வைத்துக்கொண்டாள். அவர் நீலத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொல்லி என்ற கட்டம் காலியாக இருந்தது. ஐம்பது வருடம் கழித்து யாரோ அந்தக் கட்டைப் பிரித்தாலும் அதில் எழுதும் பெயர் அங்கேயே இருக்கும்.

மூடியைத் திரும்ப மாட்டினார்.

"ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"நாலுங்க."

"கீழ ஆவண அறைக்கு ஆள் கேக்குறாங்க. குளிருதுன்னு யாரும் போக மாட்டேங்கிறாங்க."

"எங்கிட்ட ரெண்டு கம்பளிச் சட்டை இருக்குங்க ஐயா."

திங்கட்கிழமை கட்டு போனது. செவ்வாய்க்கிழமை கலினாவை ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். புதன்கிழமை எல்விரா கோணூசியைத் தகரடப்பாவில் போட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். அங்கே ஜன்னல் கிடையாது. பனியும் நதியும் இல்லை. முதல் குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒன்றும் கண்ணில் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இடையில் லக்சம்பர்க்கில் கட்டு சேர்ந்ததற்கான இளஞ்சிவப்பு ஒப்புகை அட்டை வந்தது. தைக்கக் கட்டு இல்லாததால் அதை ஊசி டப்பாவிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து லக்சம்பர்க்கின் பதிலோடு கட்டு திரும்பியது. பதிலை மாடியில் எடுத்துக்கொண்டார்கள், ஓட்டுநரின் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த கலினா அந்தக் கட்டைத் தானே கீழே கொண்டுவந்தார்.

"ஒப்புகை அட்டை ஒண்ணு தைக்கணுமாமே. உங்க கையாலதான் தைக்கணும்னு சொல்லிட்டேன்."

எல்விரா முதலில் எண்பத்து நான்கைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. பிறகு கட்டைக் கவிழ்த்தாள். முடிச்சு அவள் போட்டதல்ல. லக்சம்பர்க்கில் யாரோ படி எடுப்பதற்காக நூலைப் பிரித்து, எல்லாத் தாளையும் வரிசை பிசகாமல் அடுக்கி, மறுபடி கட்டியிருக்கிறார்கள். இரட்டைச் சுற்றுச் சுற்றி உள்ளே இழுத்த, அவள் அறியாத முடிச்சு.

அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, தூக்கிச் செருகிய நரைத்த கொண்டை, நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் ஒரு பெண், எல்லாம் மெல்ல மெல்லக் கண்ணில் வந்தன.

"என்ன பாக்குறீங்க?" என்றார் கலினா.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் கட்டியிருக்கா."

அந்த முடிச்சை அவிழ்க்காமல், அதன் கீழே புதிய துளை போட்டு, இளஞ்சிவப்பு அட்டையைத் தைக்கத் தொடங்கினாள்.