ஒச்சாயியின் எண்பத்தொன்பது

ஒச்சாயிக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் மேசை அவளுடையது. தைத்து வருகிற சட்டையைத் திருப்பி, விரித்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து, கோளாறு உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல சட்டை என்று ஒன்று கிடையாது, கோளாறு இன்னும் கண்ணில் படாத சட்டைதான் உண்டு என்பது அவள் கட்சி. மனிதர்களைப் பற்றியும் அதே கட்சிதான். அவள் குடியிருக்கிற வேலம்பாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தில் குழம்பு கொண்டு வந்து கொடுத்தால், இவளுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று இரண்டு நாள் யோசிப்பாள். குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் யோசிப்பாள், அது வேறு விஷயம்.

ஊரையே சந்தேகப்படுகிறவளிடம் சொந்தமாக ஒரு பொய் இருக்கும். ஒச்சாயியிடமும் இருந்தது. அவள் பிறந்தது அறுபத்தைந்தில். ஆதார் அட்டையில் இருப்பது எழுபத்திரண்டு, ஜனவரி ஒன்று. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில், நாற்பத்தைந்து தாண்டினால் கண் சரியாக இருக்காது, செக்கிங்குக்கு வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ஆதாருக்குப் படம் பிடித்தார்கள். வயது என்ன என்று எழுதுகிறவன் கேட்டபோது, நாற்பத்தேழு என்று சொல்ல வேண்டிய வாய் நாற்பது என்றது. அந்த அட்டையைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது. இங்கே மாஸ்டர்களைத் தவிர மற்றவர்களை ஐம்பத்தெட்டு முடிந்தால் சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். அட்டைப்படி அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. உள்ளபடி அறுபது.

அனுப்பிவிட்டால் போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. மகன் ராஜபாண்டி உடுமலைப்பேட்டையில் வேன் ஓட்டுகிறான், வா வா என்றுதான் கூப்பிடுகிறான். அங்கே போனால் டிவி போடுவதற்கும் கேட்க வேண்டும், அணைப்பதற்கும் கேட்க வேண்டும். இருபத்து நாலு வயதிலிருந்து தன் சோற்றைத் தானே சம்பாதித்துத் தின்றவளுக்கு அது ஒத்துவராது. இந்த மேசையில் நிற்கிற வரைக்கும்தான் அவள் ஒச்சாயி.

அந்த ஆவணி மாதம் வந்த ஆர்டரில்தான் வினை வந்தது. வெளிநாட்டுக்காரன் எவனோ, நெஞ்சில் பெரிதாக ஒரு வருஷமும் அதற்குக் கீழே ஒரு வரி இங்கிலீஷும் அச்சடிக்கச் சொல்லியிருந்தான். ஒரு கட்டுச் சட்டையில் எழுபத்தைந்து, இன்னொரு கட்டுச் சட்டையில் எண்பத்து மூன்று, இப்படியே நாற்பது வருஷத்துக்குச் சட்டை. பக்கத்து மேசையில் நிற்கிற வர்ஷினி பி.காம். படித்த பெண். அவள்தான் படித்துச் சொன்னாள்.

"பாட்டுன்னா இந்த வருசம்தான், இத அடிச்சுக்க வேற வருசம் இல்லைன்னு போட்டிருக்காங்கக்கா."

"எல்லா வருசத்துலயும் அதையேவா போட்டிருக்கான்?"

"ஆமாங்க்கா."

"அப்ப எல்லாமே டேமேஜுதான்" என்றாள் ஒச்சாயி.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கட்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமி, அந்த வரி எண்பத்திரண்டுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று சொல்லிவைத்தார். அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஒச்சாயிக்கு அடுத்த ஊர். வர்ஷினி இரண்டாயிரத்துப் பதினைந்து என்றாள். தையல்காரர்களில் பாதிப்பேர் தொண்ணூறுக்கு மேலே எதையோ சொன்னார்கள். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே சண்டை ஆரம்பித்தது. ரசத்தைத் தொட்டுக்கொண்டு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். பாட்டா அது, பாத்திரம் கழுவுகிற சத்தம் என்று எதிர்க்கட்சி சொன்னது.

வயது வெளியே தெரிந்துவிடும் என்று ஒச்சாயி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் எண்பத்திரண்டுதான். பதினேழு வயதில் பருத்திக் காட்டில் நின்றுகொண்டு, டீக்கடை ரேடியோவில் வந்ததையெல்லாம் மனப்பாடம் செய்தவள் அவள். நடுவில் வருகிற புல்லாங்குழலைக்கூட வாயாலேயே ஊதுவாள். பொன்னுச்சாமி ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தைத் தப்பாகப் பாடியபோது நாக்கு துடித்தது. சோற்றை அள்ளி அடைத்துக்கொண்டாள்.

நாலாவது நாள் தரணீதரன் ஒரு நோட்டோடு வந்தான். ஹெச்.ஆர். ஆபீசர், வந்து நாலு மாதம்தான் ஆகிறது, முப்பதுகூட ஆகாத பையன். கூட்டுகிற பெண்ணைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவான். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவன் எதையோ பிடுங்கிக்கொண்டு போகத்தான் வருகிறான் என்று ஒச்சாயி முதல் நாளே முடிவு கட்டியிருந்தாள்.

"ஏனுங்க, போன வருசம் ஆயுத பூசைக்கு எந்தப் பாட்டுப் போடறதுன்னு சண்டை கட்டி ஸ்பீக்கர் ஒயர இழுத்துப் பிச்சுப் போட்டுட்டீங்களாமா. அதனால இந்த வாட்டி ஓட்டுப் போட்டு ஒரே வருசத்துப் பாட்டா நாள் பூராப் போட்டரலாம்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க. உங்க உங்க வருசத்தச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டே வந்தவன் தனக்குள் சிரித்தான். "பாருங்க, அத்தன பேரும் அவங்கவங்க பதினேழு வயசு வருசத்தத்தானுங்க சொல்றாங்க."

ஒச்சாயியின் கை சட்டையில் அப்படியே நின்றது. போன மாதம் இதே ஆள்தான், வெளிநாட்டு ஆடிட்டுக்கு வயது சரி பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் அட்டை நகல் வாங்கிக்கொண்டு போனான். இப்போது பாட்டு வருஷம் கேட்கிறான். அட்டை பொய் சொல்லும், பாட்டு பொய் சொல்லாது என்று எவனோ இவனுக்குப் படித்துக் கொடுத்திருக்கிறான். பதினேழைக் கழித்தால் பிறந்த வருஷம் கையில் வந்துவிடும். எத்தனுக்கு எத்தனாக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்றேன் சார். யோசிக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரமில்லீங்க."

அவசரமில்லை என்று சொன்னதும் அவள் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் முந்தானைக்குள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். எழுபத்திரண்டோடு பதினேழு. எண்பத்தொன்பது வந்தது. இரண்டாம் தடவை போட்டாள், அதுவேதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வேறு எந்த வருஷமாகவும் இருந்திருக்கலாம். எண்பத்தொன்பதில்தான் அவள் புருஷன் கிணறு வெட்டுகிற வேலையில் வெடி தவறி வெடித்துச் செத்தான். ஐப்பசியில் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினாள். ஆறு பெண்கள் படுக்கிற ஓர் அறையில் ஓரமாக இடம் கிடைத்தது. பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை. அங்கே காலையிலிருந்து ரேடியோ பாடியிருக்கும், பாடாத பனியன் கம்பெனி ஏது? ஒரு வரிகூட அவள் காதில் ஏறவில்லை. அந்த வருஷத்தை யாராவது எதிரில் சொன்னாலே பேச்சை மாற்றுகிறவள், இனி அதற்குக் கொடி பிடிக்க வேண்டும்.

பிடித்தாள். பயந்தவள் பிடிக்கிற கொடிக்கு உயரம் அதிகம். எண்பத்தொன்பது போல ஒரு வருஷம் வருமா என்று மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கேட்ட கேள்வியில் பேச்சே நின்றது. எந்தப் பாட்டு என்று கேட்டவர்களிடம், "எதச் சொல்றது, எத விடுறது?" என்று அடித்துவிட்டாள். பதிலே இல்லாததால் அதற்கு மறுபதிலும் இல்லை. எண்பத்திரண்டும் பதினைந்தும் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்துப்போயிருந்த நடு வயதுக்காரர்கள், சரி, நடுவில் இது இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவள் பக்கம் வந்தார்கள். பத்து நாளில் எண்பத்தொன்பதுக்கு ஒரு கட்சியே சேர்ந்துவிட்டது. ஒச்சாயிக்குத் தலைவி பட்டம். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓட்டுப் போடுகிற அன்று பொன்னுச்சாமி நேராக அவள் மேசைக்கு வந்துவிட்டார். தரணீதரன் அட்டைப் பெட்டியோடு நாலடி தள்ளி நின்றான்.

"ஒச்சாயி, நீ என்னத்தா எண்பத்தொம்பதுங்கிற? நீயும் எங்க செட்டுத்தான? எங்க ஊருத் திருவிழாவுல மைக்செட்டுக்காரன்கிட்டப் போயி இந்தப் பாட்டப் போடு, அந்தப் பாட்டப் போடுன்னு சண்டை கட்டுனவதான நீயி?"

தரணீதரன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.  இந்தக் கிழவனும் அவனும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று அந்தக் கணத்தில் ஒச்சாயி உறுதியாக நம்பினாள்.

"என்ன அண்ணே பேசுறீக? எண்பத்திரண்டுல எனக்குப் பத்து வயசு. எனக்கு என்ன தெரியும்? அந்த வருசப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா? ஒரே இழுவை."

பொன்னுச்சாமி அவளையே பார்த்தார். பிறகு ஹெச்.ஆர். பையனைப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியது.

"ஆமா சார்" என்றார். "நான் இவுக அக்காவ நெனச்சுக்கிட்டுப் பேசிப்புட்டேன். வயசாயிருச்சுல்ல."

திரும்பிப் போய்விட்டார். அவளுக்கு அக்கா கிடையாது. அவரைச் சந்தேகப்பட்டதற்காக அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தான் பாடிப் பாடி வளர்ந்த பாட்டுகளை இழுவை என்று சொன்ன வாய் கசந்தது. சாயங்காலம் எண்ணினார்கள். எண்பத்தொன்பது ஒரே ஓட்டில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்தது எண்பத்திரண்டு. அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூசையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் வாழைக் கன்று கட்டியிருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. வர்ஷினி ஒச்சாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உங்க வருசம்க்கா. கூடப் பாடுங்க."

சுற்றி நின்றவர்கள் கை தட்டிப் பாடினார்கள். ஒச்சாயி உதட்டை அசைத்தாள். பாட்டு ஒரு பக்கம் போனது, உதடு ஒரு பக்கம் போனது. அடுத்த பாட்டுக்கும் அப்படித்தான். மூன்றாவது பாட்டில் தலைவலி என்று சொல்லி நழுவி, செக்கிங் மேசைக்கு வந்து நின்றுகொண்டாள்.

தரணீதரன் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"உங்க பாட்டு உங்களுக்கே தெரியலீங்களேம்மா."

அவள் மேசையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துத் திருப்பினாள்.

"அன்னிக்கு வெளையாட்டாத்தானுங்க சொன்னேன், அப்புறமா சும்மா ஒரு இதுக்கு எல்லாத்துக்கும் பதினேழக் கழிச்சுப் பாத்தனுங்க. ஒருத்தருக்கும் சரியா வரலீங்க. மூணு வருசம், நாலு வருசம் முன்னப்பின்னத்தான் நிக்குது. உங்களுக்கு மட்டும் அச்சு அசலா வருதுங்க."

அகப்பட்டுக்கொண்டாள். பதின்மூன்று வருஷம் பயந்து பயந்து காத்த பொய், ரொம்பச் சரியாக இருந்ததாலேயே பிடிபட்டுவிட்டது. பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"தெரியாது சார். அந்த வருசத்துல ஒரு பாட்டும் எனக்குத் தெரியாது. எம் புருசன் செத்த வருசம் அது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த ஊருக்கு வந்து விழுந்த வருசம். எனக்கு எதுவும் கேக்கல. போதுமா?"

"பையனுக்கு அப்ப என்ன வயசுங்க?"

"ரெண்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அட்டைப்படி அவளுக்கு அப்போது பதினேழு. தரணீதரனின் கண் ஒரு நொடி மேலே போய் வந்தது. அவன் மனசுக்குள் பதினேழில் இரண்டைக் கழித்துப் பார்ப்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நாளைக்குச் சால்வை, நாளை மறுநாள் உடுமலைப்பேட்டை என்று நினைத்துக்கொண்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தான்.

"ஆடிட் போன மாசமே முடிஞ்சுதுங்கம்மா. ரெக்கார்டுல எழுபத்திரண்டுன்னு இருக்குதுங்க. ரெக்கார்டுல இருக்கறதுதானுங்க எனக்குத் தெரியும்."

அவள் அவன் முகத்தை ஓட்டை தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதற்காக நம்பிவிடுகிறவள் இல்லை அவள். இருந்தாலும் விளிம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

ஸ்பீக்கரில் வேறு ஒரு பாட்டு ஆரம்பித்திருந்தது. ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பாடியது. ஒச்சாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். முதல் சரணம் முடிகிற வரைக்கும் அவன் அங்கே நிற்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் துடைக்கவில்லை.

"இதெல்லாம் அந்த வருசந்தான் வந்துச்சா தம்பி?"

"ஆமாங்கம்மா. லிஸ்ட்ட நான்தானுங்க போட்டேன்."

"நான் அழுதுக்கிட்டு இருந்தப்ப ஊரெல்லாம் இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லலயே."

 பாட்டு முடிந்து அடுத்தது வந்தது.

"அதையே இன்னொருக்காப் போடச் சொல்லுங்க தம்பி" என்றாள் ஒச்சாயி. "நான் மொதல்லருந்து கேக்கணும்."