புற்றடிப் பூக்காரம்மா

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைப் புற்றருகே பூ விற்கும் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. நெற்றி நிறையக் குங்குமம், வாயில் எப்போதும் வெற்றிலை. பக்கத்துத் தொட்டிலில் குழந்தை தூங்குவதுபோல, பேரத்தைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் புற்றுக்குள் பால் ஊற்றுவார்கள். விலங்கியல் ஆசிரியனான எனக்கு மனசு கேட்காது. ‘பாம்பு பால் குடிக்காது, ஊற்றினால் அதற்குத்தான் கெடுதல்’ என்று பலகை எழுதி நட்டேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை.

ஒரு வெள்ளியன்று அந்த அம்மா புற்றுக்கு வெளியே ஒரு கிண்ணத்தை வைத்தார். “ஆத்தா உள்ள தூங்கிகினு கீது. மேல ஊத்தி எழுப்பாதீங்கம்மா, இதுல ஊத்துங்க,” என்றார். அன்றே எல்லாரும் கிண்ணத்துக்கு மாறிவிட்டார்கள்.

இருபது வருடம் பாடம் நடத்தியவன் நான். எனக்கு வயிறு எரிந்தது.

“பாம்பு பால் குடிக்காதும்மா, தெரியுமா?” என்று அவரை மடக்கப் பார்த்தேன்.

“தெரியாம இன்னா சார்? பூனைதான் குடிச்சிட்டுப் போவுது. நீ கொஞ்சம் மெதுவா பேசு சார்.”

“சரிம்மா,” என்றேன், என்னை அறியாமல் குரலைத் தாழ்த்தி.

என் பலகை இப்போது அவருடைய பூக்கூடைக்கு வெயில் மறைப்பு. நான் எழுதிய பக்கம் பூக்களைப் பார்த்து நிற்கிறது.