பறிக்காத மெலிஸ் இலைகள்

தெரேஸ் அக்கா காலமான செய்தியை அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க மேடம்" என்றார். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிறகு கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்ணைச் சரியாகத்தான் கூட்டியிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் அவரிடம் புத்தகம் வாங்கிய உங்களுக்கெல்லாம் அவருடைய ஃபிளாஸ்க்கும் நினைவிருக்கும். மெலிஸ் இலை போட்ட வெந்நீர். பார்க்கப் புதினா போலவும் முகர்ந்தால் எலுமிச்சை போலவும் இருக்கும் அந்தச் செடியை நர்சரியில் லெமன் பாம் என்பார்கள். பிரான்சிலிருந்து வந்த உறவினர் கொடுத்த விதையை அக்கா குருசுக்குப்பம் வீட்டில் முளைக்க வைத்திருந்தார். தூக்கத்துக்கு நல்லது என்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார். வேதியியல் நடத்துகிற நான் ஆதாரம் கேட்டேன். "தூக்கம் வருதோ இல்லியோ, தண்ணி கொதிக்கிற வரைக்கும் சும்மா நிக்கிறோம்ல. அதுக்கு என்னா ஆதாரம் வேணும் உனக்கு?" என்றார். குடித்தேன். தூக்கம் வரவில்லை என்று மறுநாள் மறக்காமல் சொல்லவும் செய்தேன்.

ஒருமுறை எனக்கும் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தார். முதலியார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். நான்கு நாளில் கருகிவிட்டது. அது நம்ம ஊர் வெயிலுக்குப் பிறந்ததில்லை, காலையில் ஒரு மணி நேரம் வெயில் பட்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். வேறு கிளை தரவில்லை.

அதனால்தான் இந்தச் சித்திரையில், ஆஸ்பத்திரியில் சேரும் முன், தன் தொட்டியை அவர் என்னிடம் கொடுத்தது எனக்குப் புரியவில்லை. "மத்தவங்க கிட்ட குடுத்தா டீ போட்டே காலி பண்ணிடுவாங்க. உனக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே. நீ பறிக்க மாட்ட" என்றார்.

நான் பறிக்கவில்லை. கிழக்குச் சுவரோரம் வைத்து, இரண்டு வேளையும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டேன். கத்திரி வெயிலில் ஓரங்கள் பழுப்பாகி ஒன்பது இலைகள்தான் மிஞ்சின. அந்த நாட்களில் ஒரு மாலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தூக்கமே இல்லை என்றார்.

"நாலு இலை கொண்டாயேன்மா."

இப்போது பறித்தால் செடி போய்விடும், வீட்டுக்கு வந்து நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரி, இருக்கட்டும்" என்றார்.

நான்காம் நாள் அவருடைய தம்பி அழைத்தார்.

அடக்கம் முடிந்த பிறகு, செடி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றவர், "வெயில் காலத்துல அக்கா அதை மொட்டையா வெட்டி வுட்டுடுவாங்க மேடம். மழை பட்டா தானா தழைச்சிக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் விட்டேன்.

மழை பெய்தது. அடியிலிருந்து புதுக் கிளைகள் கிளம்பித் தொட்டி நிறைந்திருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் வந்து கேட்கிறார்கள். இதைக் குடித்தால் தூக்கம் வருமா என்றால் எனக்குத் தெரியாது என்கிறேன். ஆனால் கேட்டவர் வாசலில் நிற்கும்போதே பறித்துக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு என்று யாரிடமும் சொல்வதில்லை.