பாதையை விட்டு எட்டடி

என் மனைவி பாலேஸ்வரிக்குப் புல் என்றால் ஆகாது. ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் வீடு வாங்கிப் பத்து வருடமாகிறது, பின்வளவுப் புல்லில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தக்காளிக்குத் தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது எல்லாம் என் தலையில்தான்.

"புல்லு என்ன கடிச்சுப்போடுமோ?" என்று எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன். கிளிநொச்சியில் அவள் பதினொரு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அவளுடைய அண்ணன் ஒற்றையடிப்பாதையை விட்டு ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போய், அவள் கண்முன்னாலேயே மிதிவெடியில் அகப்பட்டுச் செத்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நக்கலடித்தேன் என்றால், என்னை என்ன சொல்வது?

போன ஓகஸ்டில் மகள் அட்சயா உயிரை வாங்கினாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் எரிமலையைப் பற்றிப் படித்ததிலிருந்து எரிமலை ஏரி ஒன்றைப் பார்த்தே தீரவேண்டுமாம். ரொறன்ரோவில் எரிமலைக்கு எங்கே போவது? வன்கூவருக்குப் பறந்து, கார் வாடகைக்கு எடுத்து, மலைக்காட்டுக்குள் மூன்று மணித்தியாலம் நடந்தோம். கோடரி படாத காடு. மரங்களை அண்ணாந்து பார்த்தே என் கழுத்து நொந்துவிட்டது. பாலேஸ்வரி ஒன்றையும் பார்க்கவில்லை. என் சப்பாத்து பதிந்த இடத்திலேயே தன் காலை வைத்துப் பின்னால் வந்தாள்.

ஏரியைக் கண்டதும் களைப்பெல்லாம் போய்விட்டது. எப்போதோ எரிமலைக் குழம்பு வழிந்து, இறுகி, பள்ளத்தை அடைத்ததால் தேங்கிய தண்ணீர். நீலமா பச்சையா என்று சொல்லத் தெரியவில்லை. அக்கரையில் பனி மூடிய மலை. இக்கரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: பாதையை விட்டு இறங்கவேண்டாம். பூஞ்செடிகளை மிதிக்கக்கூடாது என்பதற்காக வைத்திருந்தார்கள், கீழே சின்ன எழுத்தில் அதுவும் இருந்தது. பாலேஸ்வரி கீழே வரை வாசிக்கவில்லை. ஊரில் மிதிவெடிப் பலகைகளும் சிவப்புத்தான்; அந்த நிறத்தைக் கண்டதுமே என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அட்சயா ஒரு அணிலுக்குப் பின்னால் செடிகளுக்குள் ஓடினாள்.

"நில்லு! காலை எடுக்காத!"

பாலேஸ்வரியிடம் அப்படியொரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. பிள்ளை விறைத்துப்போய் நின்ற இடத்திலேயே அழத்தொடங்கினாள். நான் முதுகுப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கப் போனேன்.

"நீங்கள் வராதேங்கோ" என்றாள் பாலேஸ்வரி. "பிள்ளைக்கு ஒராள் மிஞ்சவேணும்."

இங்கே வெடி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். எட்டடிதான் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் குனிந்து நிலத்தைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். பிறகு திரும்பி வராமல், அந்தச் செடிகளின் மேலேயே பொத்தென்று இருந்துவிட்டாள்.

பூங்காவில் வேலை செய்யும் பெண்ணொருத்தி விறுவிறென்று வந்தாள். செடிகள் நசுங்குகின்றன, உடனே வெளியே வாருங்கள் என்று சத்தம் போட்டாள். பாலேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டாள்.

பாலேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள், அப்போது தமிழில்தான் சொன்னாள்.

"ஒண்டும் நடக்கேல்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தனான், ஒண்டுமே நடக்கேல்லை."

என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லையாம் என்று மொழிபெயர்க்கத் தொடங்கினேன். பாதியில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.